ஆள் தேவைப்படாத பாடம்

சலவைக் கடையில் அவளுக்குப் பொத்தான் என்று பேர். துவைத்து வரும் சட்டைகளில் விழுந்துபோன பொத்தான்களைத் தைப்பது அவள் வேலை. கூடவே தன் வாயையும் தைத்துக்கொண்டாள் என்று துவைக்கிற பெண்கள் கிண்டலடிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பதில் தோன்றுவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். அந்தக் குறை தீர, ஒரு பாடம் முடிந்தால் இன்னொன்று என்று தானாகவே படித்துக்கொண்டிருந்தாள். நூலகத்தில் புத்தகம் இலவசம். அதற்குமேல் செலவு வைக்காத பாடமாகப் பார்த்து எடுப்பாள். சதுரங்கம் படித்தாள். எதிரே உட்கார ஆளில்லை. இரண்டு பக்கமும் தானே ஆடி, தானே தோற்றாள். நட்சத்திரங்களைப் படித்தாள். எதிரே எழும்பிய அடுக்குமாடி, ஜன்னலில் இருந்த வானத்தை விழுங்கிவிட்டது.

"அடுத்து என்ன, டாக்டருக்குப் படிக்கப்போறியா?" என்று போனில் அக்கா கேட்டாள்.

"இன்னும் முடிவு பண்ணலக்கா."

"அந்த நேரத்துல நாலு மனுஷங்களோட பேசிப் பழகேன்டி. சுவரோடயா குடும்பம் நடத்துவே?"

குழந்தை அழுகிறது என்று அக்கா போனை வைத்துவிட்டாள். அறையில் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

"வாங்கம்மா, வானம் தீர்ந்துபோச்சா?" என்றாள் நூலகத்துப் பெண், நட்சத்திரப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டே.

இவள் தலையாட்டிவிட்டு அலமாரிப் பக்கம் ஒதுங்கினாள். கிதார் என்றால் கிதார் வாங்க வேண்டும். ஓவியம் என்றால் வண்ணம் விற்கிற விலை தெரியும். அப்போதுதான் சைகை மொழிக்கான மெல்லிய புத்தகம் கண்ணில் பட்டது. இரண்டு கை போதும். ஆனால் எதிரே இன்னொருவர் வேண்டுமே. புத்தகத்தைத் திரும்ப வைத்தாள். அடுத்த அலமாரி வரை போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள்.

கடையில் இஸ்திரி போடுகிறவருக்குக் காது கேட்காது. பின்னறை பெஞ்சின் ஒரு முனையில் அவர், மறு முனையில் இவள் என்று எத்தனையோ வருஷம் மதியச் சாப்பாடு சாப்பிட்டாகிவிட்டது. காலையில் ஒரு தலையசைப்பு, சாயங்காலம் ஒன்று. அவ்வளவுதான் பழக்கம்.

கண்ணாடி முன் நின்று பழகினாள். விரல்கள் ஊசிக்குப் பழகியவை, சீக்கிரமே மடங்கின. ஒரு மதியம், துவைக்கிற பெண்கள் சாப்பிட்டுக் கிளம்பியதும், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கைகளைத் தூக்கினாள். "வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள்?"

அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. அடுத்த நொடி அவர் கைகள் பறந்தன. விரல், மணிக்கட்டு, புருவம் எல்லாம் சேர்ந்து பேசின. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கேள்வி கேட்பதற்குத்தான் படித்திருந்தாள். பதிலை எப்படிப் படிப்பது? கண்ணாடி ஒருநாளும் பதில் சொன்னதில்லையே.

சிரித்துத் தலையாட்டினாள். அவர் ஏதோ கேட்டார். அதற்கும் தலையாட்டினாள். மறுபடி கேட்டார், அதற்கும் அதேதான். அவர் கைகள் பாதியில் நின்று மெல்ல இறங்கின. எழுந்து தன் மேஜைக்குப் போய்விட்டார்.

துவைக்கிற பெண்களிடம் காட்டுகிற அதே சிரிப்பு இன்னும் தன் முகத்தில் ஒட்டியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. இப்படியே விட்டால் நாளையிலிருந்து பழையபடி தலையசைப்புதான். அதுகூட இருக்குமோ என்னவோ.

"மெதுவாக" என்பதற்கு என்ன சைகை? அந்தப் புத்தகத்தில் பார்த்த ஞாபகமே இல்லை.

எழுந்து போனாள். ஓரத்தில் ஆறிக் கிடந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து, மேஜையில் இருந்த பட்டுத் துணிமேல் வைத்தாள். பட்டு என்றால் அவர் எப்படித் தேய்ப்பார் என்று எத்தனை முறை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறாள். அப்படியே மெல்ல மெல்ல நகர்த்தினாள். பிறகு அவருடைய கைகளைச் சுட்டினாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தன் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். வீட்டில் யார் என்று அவள் கேட்டதற்குப் பதிலாக, ஒரே ஒரு விரலை உயர்த்தி, நிதானமாகத் தன் நெஞ்சில் வைத்தார். புரிந்ததா என்று காத்திருந்தார்.

இந்த முறை அவள் தலையாட்டவில்லை. தானும் ஒரு விரலை உயர்த்தி, தன் நெஞ்சில் வைத்துக் காட்டினாள்.