யோகேஸ்வரியின் ஊக்கு

எம். புதுப்பட்டியிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குக் காலையில் ஒரே ஒரு மினி பஸ். அதை விட்டால் ஏழு கிலோமீட்டர் நடை. எட்டு மணிக்கு கேட்டை அடைத்துவிடுவார்கள். யோகேஸ்வரிக்கு அந்த பஸ்தான் கதி. அதில் வரும் பலவேசமும் தலைவிதி.

பலவேசத்துக்கு வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. கூட்டம் நெருக்கினால் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வான். கை எங்கே போகிறதென்று தெரியாதவன் மாதிரி கருவேலங்காட்டைப் பார்ப்பான். முறைத்தால், "கூட்டம்மா, என்ன செய்யச் சொல்றீக?" என்பான். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டில் சொன்னால் கணவன் பாண்டிராஜ் அவள் வேலையைத்தான் நிறுத்துவான். தப்பு செய்தவனுக்கு பஸ், பட்டவளுக்கு அடுப்படி. நம்ம ஊர் நியாயம் அப்படி.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அவன் கை வந்ததும் ஒரே குத்து. "ஆத்தே!" என்று துள்ளினான். அடுத்த நாலு நாள் டிரைவர் பக்கமே நின்றான். யோகேஸ்வரி பல வருஷத்துக்குப் பிறகு உடம்பைச் சுருக்காமல் வேலைக்குப் போனாள்.

கம்பெனிக்குள் குண்டூசிகூடப் போகக்கூடாது. வளையல், கொலுசெல்லாம் கேட்டிலேயே கழற்ற வேண்டும். ஊக்கையும் அங்கே வைத்துவிட்டுப் போகும் சாப்பாட்டுப் பையில் குத்திவிட்டுத்தான் உள்ளே போவாள். ஐந்தாம் நாள் பஸ் தாமதம். ஓடிய ஓட்டத்தில் மறந்துவிட்டாள். வெடிமருந்து செலுத்தும் அறையில் குனிந்தபோது போர்மேன் சங்கிலிமுத்து பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இரும்பு உரசிப் பொறி பறந்தா அம்புட்டுப் பேரும் கரிக்கட்டைதான், தெரியும்ல? இதை எதுக்கு வச்சிருக்க?"

தெரியும். அவர் கேட்டது நியாயம். காரணத்தைச் சொல்லலாமென்றால் சுற்றிலும் ஆம்பளைகள்.

"மறந்துட்டேன் அண்ணாச்சி."

மத்தியானம் நாற்பது பெண்கள் முன்னால் நிறுத்தி, இனி ஊக்கோடு கேட்டுப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லவைத்தார். மறுபடி கண்டால் சீட்டுக் கிழியுமாம். அந்த ஊக்கு எதற்கு என்று அந்த நாற்பது பேருக்கும் தெரியும். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கும் அதே பிழைப்பு.

மறுநாள் காலை பலவேசம் டிரைவர் பக்கத்திலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் வந்தான். ஊரில் சேதி பரவ ஒரு பொழுது போதாதா?

"கம்பெனியில ரொம்ப ஏசிட்டாகளாமே," என்றான், காதோரம் குனிந்து.

யோகேஸ்வரி முன்னால் நகரப் பார்த்தாள். நகர இடமில்லை.