வழிகாட்டி நிற்கச் சொன்ன இடம்

கனடாவின் ஸ்கார்பரோவில், ஏரிக்கு மேலே உயர்ந்து நிற்கும் மண்குன்றின் வேலியோரம் நிற்கிறேன். கையில் நூறாண்டுப் பழைய பயண வழிகாட்டி. ஓக் மரத்தைத் தாண்டி இருபதடி நடந்து, ஏரியைப் பார்த்து மனம் உருக வேண்டுமாம். எங்கே நின்று உருகுவது என்பதைக்கூட அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மரத்தையே காணோம்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் சிரிக்கிறார். “அந்த இடம் எப்பவோ இடிஞ்சு ஏரிக்குள்ள விழுந்திட்டுது, தம்பி.”

வேலிக்கு அப்பால், விளிம்பில், ஒரு ஜோடி செல்ஃபி எடுக்கிறது. காலடியில் மண் உதிர்கிறது.

“உவையளுக்கு ஃபோன் காட்டின இடம் உது,” என்று அவர்களைச் சுட்டியவர், திரும்பி வரச்சொல்லிக் கத்துகிறார். அவர்கள் சந்தோஷமாகக் கையசைக்கிறார்கள்.

“உந்தப் புத்தகத்தில திரும்பி வாற வழி போட்டிருக்கோ?” என்று என்னிடம் கேட்கிறார்.

பக்கத்தைப் புரட்டுகிறேன். ஓட்டல் மீன் வறுவலைப் புகழ்ந்திருக்கிறார்கள்.