மர்சூக் நானாவின் பெட்டி பேசாத நாள்

மர்சூக் நானா சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, வேனின் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, உள்ளே இருக்கும் யாரையோ நலம் விசாரிக்கிறார். "எப்பிடி சொகம்? ராவைக்கு நல்லாத் தூங்கினீங்களா?" கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களை மட்டும் பார்ப்பவர்கள் மனிதருக்குக் காய்ச்சல் என்று நினைப்பார்கள். அவர் விசாரிப்பது வேனின் கம்ப்யூட்டரை. விசாரித்து முடித்த பிறகுதான் ஸ்கேனர் பெட்டியின் வயரைச் செருகுவார். மரியாதை கொடுக்காமல் கேள்வி கேட்டால் வாகனமும் பொய் சொல்லும் என்பது அவருடைய கட்சி.

அக்குறணையில், மாத்தளை வீதியோரம், பிங்கா ஓயா பெருகினால் முதலில் நனையும் கராஜ் அவருடையது. ஒரு வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து பழைய கார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒதுக்கியதாகவும், தேடிப்போனபோது அது குளித்து முழுகிய மாப்பிள்ளை போல நின்றதாகவும், எஞ்சின்கூட ஓடிக்கொண்டிருந்ததாகவும் சொல்வார். எஞ்சின் ஓடியதை நம்ப மாட்டோம் என்று சிலர் சொல்கிறார்கள். மற்றதையெல்லாம் ஊர் நம்பிவிட்டது.

ஸ்கேனர் டுபாயிலிருந்து மைத்துனர் கொண்டுவந்தது. செங்கல் அளவில் சாம்பல் நிறப் பெட்டி, முகத்தில் சின்னத் திரை, வாலில் தடித்த வயர். வாகனத்தில் செருகினால் அதனிடமிருந்தே மின்சாரத்தை வாங்கி விழித்துக்கொள்ளும். எங்கே கோளாறு என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டும். அவர் மனைவி ஆஸியா உம்மாவுக்கு அதன்மேல் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. "இந்த மனிசன் என்னோட பேசினத விட அதோட பேசினது கூட" என்று மேல்மாடி யன்னலிலிருந்து, வாடிக்கையாளர்களுக்கும் கேட்கும்படி சொல்வார்.

சில நாட்களில் பெட்டியும் வாகனமும் பேசிக்கொள்ளாது. மற்றக் கராஜ்காரர்கள் "பெட்டி கெட்டுப்போச்சு" என்பார்கள். மர்சூக் நானாவின் வாயில் அந்தச் சொல் வராது. "கோவிச்சிக்கொண்டு ஈக்கி" என்பார். "பேச்சு முறியிறதுக்கு நாலே காரணந்தான். சாவி, பெட்டரி, வயர், ஃபியூஸ். அஞ்சாவது செல்லுறவனுக்கு வேல தெரியா." பத்திரிகையில் வரும் பெரிய பேச்சுவார்த்தைகள் முறிவதற்கும் இதுதானா காரணம் என்று யாராவது கேட்டால், வீதியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பிளேன்டீயை உறிஞ்சிக்கொள்வார். காலம் அப்படி. வடக்கில் சண்டை மூண்டிருக்கிறது. கண்டியைச் சுற்றிப் பாலத்துக்குப் பாலம் சோதனைச் சாவடி.

போன மாதம் பன்விலத் தோட்டத்திலிருந்து கணபதி தன் வேனைக் கொண்டுவந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் வாடகைக்கு ஓடுகிற வேன். "மேட்டுல இழுக்க மாட்டேங்குதுங்க நானா. ஆள எறக்கி விட்டாத்தான் ஏறுது." வயரைச் செருகுவதற்கு முன்னால் வேனின் குரலைக் கொஞ்சம் கேட்டுப் பார்ப்பது மர்சூக் நானாவின் பழக்கம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். இருவரும் கட்டுகஸ்தோட்டைப் பக்கமாக ஓட்டிப் பார்க்கப் போனார்கள்.

கணபதியின் டாஷ்போர்டில் பிள்ளையாரும் கதிர்காமத்து முருகனும் சின்ன விளக்குகளோடு இருப்பார்கள். பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும், அன்றுதான் புதிதாக ஒட்டியிருந்த புத்தர் சிலையின் விளக்கையும் சிகரெட் லைட்டர் துளையில் சேர்த்துச் செருகினார். சாவடியில் ஒரு நல்லெண்ணம் வரட்டும் என்றுதான்.

நல்லெண்ணம் வருவதற்கு முன்னால் சார்ஜன்ட் வந்தார். பெட்டியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், கணபதியின் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தார். இரண்டு துப்பாக்கிகள் வேன் பக்கம் திரும்பின. இது வாகனத்தோடு பேசுகிற பெட்டி, டாக்டரின் குழாய் மாதிரி என்று மர்சூக் நானா சிங்களத்தில் விளக்கினார். அப்படியானால் இப்போதே பேசச் சொல் என்றார் சார்ஜன்ட். பேசினால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். பேசாவிட்டால் இரண்டு பேரும் உள்ளே. அவசரகாலச் சட்டத்தில் உள்ளே போனவர் எப்போது வருவார் என்று யாரும் சொல்வதில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக நலம் விசாரிக்காமல் வயரைச் செருகினார். திரை இருட்டாகவே கிடந்தது.

கணபதி மெல்லக் குனிந்து, "வேற பெட்டி ஏதும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

"பொறு. கோவம் எங்கேண்டு பாப்பம். சாவி போட்டீக்கா?"

சாவி போட்டிருந்தது. பெட்டரியைச் சோதிக்க ஹார்னை அமுக்கினார். அது போட்ட சத்தத்தில் ஒரு சிப்பாய் மணல் மூட்டைக்குப் பின்னால் பாய்ந்துவிட்டார். பெட்டரிக்குக் குறைவில்லை. வயரின் முனையைச் சாரத்து நுனியால் துடைத்து, ஊதி, மறுபடி செருகினார். இல்லை. இனி மிச்சம் ஃபியூஸ். மூடியைக் கழற்றி, ஸ்கேனரின் துளைக்கும் லைட்டர் துளைக்கும் பொதுவான அந்த நீல ஃபியூஸை இழுத்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கரியாகியிருந்தது.

யார் கரியாக்கியது? அவர் கண் டாஷ்போர்டில் வயர் வழியே போனது. பிள்ளையார் வயர் நல்லது. முருகன் வயரும் நல்லது. புத்தர் வயரில் ஒட்டுப்போட்ட இடத்தில், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் சுற்றியிருந்தது. அதற்கு வெளியே இரண்டு செப்புக் கம்பிகள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன.

மர்சூக் நானா ஃபியூஸை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். பேச்சு முறிந்தது புத்தர் விளக்கால் என்று சாவடியில் நின்று எப்படிச் சொல்வது? கிரீஸ் கையோடு அதை எப்படித் தொடுவது?

தாடியைத் தடவினார். பிறகு சார்ஜன்டிடம் மிகவும் பணிவாகச் சொன்னார்: ஒரே வாசலில் மூன்று பேர் வெளிச்சம் கேட்டிருக்கிறார்கள், அதில் ஒருவருக்குக் கட்டிய வயர் மோசம், வாசல் இடிந்துபோயிற்று. வயரைக் கழற்ற வேண்டும். என் கை அழுக்கு. மாத்தயாவே தன் கையால் கழற்றினால்தான் மரியாதை.

சார்ஜன்ட் அவரை உற்றுப் பார்த்தார். துப்பாக்கியை மற்றவரிடம் கொடுத்தார். இரண்டு கைகளையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, வேனுக்குள் குனிந்து, பிளக்கை மெதுவாகக் கழற்றினார். பிளாஸ்டர் கையில் வந்தது. இந்தக் கட்டைப் போட்ட டாக்டர் யார் என்று கேட்டார். கணபதி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார்.

"பழைய ரேடியோ வயருங்க" என்றார்.

முதலில் சிரித்தது சார்ஜன்ட்தான். ஒரு வெசாக் பண்டிகைக்குத் தன் வீட்டு வெளிச்சக் கூட்டுக்குத் தானே வயர் இழுத்து, தெரு முழுவதையும் இருட்டாக்கிய கதையை அவராகவே சொன்னார். மணல் மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தவரும் வெளியே வந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

கையில் வேறு ஃபியூஸ் இல்லை. ஹார்னுடையது அதே நீலம். அதைப் பிடுங்கி இங்கே போட்டார் மர்சூக் நானா. பெட்டி "பீக்" என்று கத்தியது. சார்ஜன்ட் உட்பட எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள். பிறகு எல்லோருமாகத் திரையின் மேல் குனிந்தார்கள். சார்ஜன்ட் எழுத்துக் கூட்டி வாசித்தார். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கிற சென்சர் அழுக்கு என்று மர்சூக் நானா பொருள் சொன்னார்.

"அவ்வளவுதானுங்களா? கழுவினா போதுங்களா?" கணபதிக்கு எதற்குச் சிரிப்பது, எதற்கு அழுவது என்று தெரியவில்லை.

பின்னால் வாகனங்கள் பள்ளிக்கூடச் சந்திவரைக்கும் நின்றன. போங்கள் என்றார் சார்ஜன்ட். வேனைத் திருப்பிய கணபதி, ஃபியூஸைப் பழைய இடத்தில் போட்டுவிடும்படி கெஞ்சினார். ஹார்ன் இல்லாமல் அக்குறணை டவுனுக்குள் எப்படிப் போவது?

"வழியில இன்னொரு சாவடி ஈக்கி. இது பேசிக்கொண்டே ஈக்கட்டும். நீ ஓட்டு."

வேன் மாத்தளை வீதியில் ஏறியது. பெட்டி மர்சூக் நானாவின் மடியில் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி, மற்றக் கையை யன்னலுக்கு வெளியே போட்டு, வளைவுக்கு வளைவு கதவுத் தகரத்தில் படபடவென்று அடித்து, "பீப், பீப்" என்று வாயால் கத்திக்கொண்டே வந்தார்.