அடுப்படியில் நீலப் பூ

மெர்டேக்கா கிடைத்த மறு வருஷம் நான் மலாக்காவில் ஒரு பெண்கள் பள்ளியில் ரசாயனம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது; காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் மட்டும் அம்மாவின் ஆட்சியே தொடர்ந்தது. எனக்கு மாப்பிள்ளை தேடுவதுதான் அந்த ஆட்சியின் ஐந்தாண்டுத் திட்டம்.

வகுப்பில் ரசாயனச் சமநிலை பாடம். சமநிலையில் இருக்கும் ஒரு வினையைச் சீண்டினால், அந்தச் சீண்டலைத் தணிக்கும் பக்கமாக அது நகரும். மாணவிகள் கொட்டாவி விட்டார்கள். அதனால் வடிதாளில் பூக்கள் செய்து, கோபால்ட் குளோரைடு கரைசலில் நனைத்துக் காயவைத்தேன். காற்றில் ஈரம் கூடினால் அந்த உப்பு நீரை இழுத்துக்கொண்டு இளஞ்சிவப்பாகும். சூடு பட்டால் நீரை விட்டுவிட்டு நீலமாகும்.

வீட்டுக்கும் ஒன்று கொண்டுவந்தேன்.

"என்னாடி இது?"

"மழை வருமான்னு காட்டும்மா. செவப்புன்னா காத்துல ஈரம். நீலம்னா காய்ஞ்சிருக்கு."

மலாக்காக் காற்றில் அது எப்போதும் சிவப்பாகவே இருந்தது. அம்மாவுக்கு அலுத்துப்போய், கரி அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டிவிட்டார். அங்கே அது அருமையான நீலமாகிவிட்டது.

சிரம்பானிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று, அப்பா வாசலில் கென்வாஸ் கொட்டகை போடுவதாக இருந்தார். நான் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால், திறந்த வெளியில் நாற்காலிகள்.

"கொட்டகை எங்கப்பா?"

"ஒங்கம்மா வேணான்னுட்டா. பூ நீலமா இருக்காம்."

"அது வானத்தச் சொல்லலப்பா. அடுப்பச் சொல்லுது."

"இப்ப வந்து சொல்றியே லா," என்றார் அம்மா.

மாப்பிள்ளை வீட்டார் வந்து, கேசரியில் கை வைத்ததும் மழை கொட்டியது. கூடத்தில் கூரை ஒழுகும். ஒழுகாத ஒரே இடம் அடுப்படி. எல்லோரும் அங்கே நெருக்கியடித்து நின்றோம். அடுப்பு அணைந்திருந்தது; எங்கள் ஈரத்தில் பூ எங்கள் கண் முன்னே சிவந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸரான மாப்பிள்ளை, அப்பாவின் சாரோங்கைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"இந்தப் பூ இப்பதான நீலமா இருந்துச்சு?"

நான் விளக்கினேன். பாதியில் அம்மா கிள்ளினார். நான் நிறுத்தவில்லை.

"அப்ப மறுபடி நீலமாக்கணும்னா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"சூடாக்கணும். இல்லன்னா ஈரமா இருக்கிற ஆளுங்கள வெளியே அனுப்பணும்."

அவருடைய அம்மா, பிழிந்துகொண்டிருந்த புடவைத் தலைப்போடு என்னை ஏறிட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை சிரித்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து கரியைப் பற்றவைத்து விசிறினார். அடுப்படி முழுக்கப் புகை.

"நீ பொண்ணு பாக்க வந்தியா, அடுப்பு பத்தவைக்க வந்தியா?" என்று இருமினார் அவருடைய அம்மா.

"கொஞ்சம் இருங்கம்மா. இப்ப மாறும் பாருங்க."

இதழ்களின் ஓரத்தில் நீலம் ஏறியது. இருமல் நின்றது. அந்த அம்மா தலைப்பை விட்டுவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார். என் மாணவிகள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அவர்கள் புறப்பட்ட பிறகு அப்பா என்னிடம் கேட்டார்.

"என்னம்மா சொல்ற?"

"வேணான்னு சொல்றதுக்குக் காரணம் ஒண்ணும் கெடைக்கலப்பா."

"அது போதும்," என்றார் அம்மா. தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.