ஹக் என்ற சொல்லுக்கு மூன்று வாக்கியம்

எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த டீச்சர் தினமும் சென்னையிலிருந்து ரயிலில் திருத்தணிக்கு வந்து போனவர். அதனாலேயே அவருக்கு உலகம் முழுக்கத் தெரியும் என்று நாங்களாக முடிவு செய்திருந்தோம். நான் ஐந்தாவது படித்த வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கரும்பலகையில் ‘ஹக்’ என்று எழுதினார். அப்படியென்றால் கட்டிக்கொள்வது என்றதும் கடைசி பெஞ்சு சிரித்தது. எங்கள் பக்கம் கட்டிக்கொள்வது என்றால் கல்யாணம். டீச்சர் கண்டுகொள்ளவில்லை. அம்மா பிள்ளையை ஹக் பண்ணலாம், தூக்கம் வராதவர் தலையணையை ஹக் பண்ணலாம், நம் கோயிலுக்குப் போகிற ரோடு மலையை ஒட்டியே வளைந்து போவதால் அது மலையை ஹக் பண்ணுகிறது என்றுகூடச் சொல்லலாம் என்றார். ரோட்டுக்குக்கூட ஒரு துணை இருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அம்மா பிரசவத்துக்காக நகரிக்கு, தாய்வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு மலைமேல் மடப்பள்ளியில் சமையல். சாமிக்குப் படைப்பதைச் சமைக்கிறவர் மடியாக இருக்க வேண்டும். குளித்து ஈரவேட்டி கட்டிவிட்டால் அவரை யாரும் தொடக்கூடாது, பெற்ற பெண்ணாகவே இருந்தாலும். விடியுமுன் குளித்துப் படியேறுவார். மத்தியானம் வந்து அவர் படுக்கும்போது நான் பள்ளியில் இருப்பேன். சாயங்காலம் திரும்பக் குளித்துவிட்டுப் போனால் நான் தூங்கின பிறகுதான் வருவார். சனி, ஞாயிறு மலையில் கூட்டம், மத்தியானமும் வரமாட்டார். பக்கத்து வீட்டு நெசவுக்கார அக்கா மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்த்து, “இன்னா கண்ணு, சாப்ட்டியா?” என்பாள். ஆங் என்பேன். உடனே போய்விடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டு விசைத்தறி ஓடுகிற சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை. அது நின்றால் பயமாக இருக்கும்.

ஹக் என்ற சொல்லை வைத்து மூன்று வாக்கியம் எழுத வேண்டும், மூன்றும் நிஜமாக இருக்க வேண்டும், திங்கட்கிழமை எழுந்து நின்று படிக்க வேண்டும் என்பது வீட்டுப்பாடம். தலையணைக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று. மூன்றாவதற்கு ஆள் இல்லை. அம்மா கட்டிக்கொண்டாள் என்று எழுதிவிட்டால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும், அதுவும் அந்தச் சாமிக்கே சமைக்கிறவர் வீட்டில். நெசவுக்கார அக்காவிடம் போய்க் கேட்டேன். “நூலு அறுந்துகினே கீது கண்ணு, அப்பால வா” என்றாள். எனக்கு ரோஷம், அப்புறமும் போகவில்லை. உண்மையைச் சொன்னால் வீட்டுப்பாடம் ஒரு சாக்குதான். என்னை யாராவது கட்டிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில், அப்பா குளித்துவிட்டு ஈரவேட்டியோடு வாசலைத் தாண்டும்போது ஓடிப்போய்ப் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டேன். வேட்டி சில்லென்று கன்னத்தில் ஒட்டியது. அப்பா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். திட்டவில்லை. தள்ளவும் இல்லை, தள்ளுவதென்றால் என்னைத் தொட வேண்டுமே.

“என்னம்மா இது, மடி போச்சே” என்றார்.

“ஹோம்வொர்க்குப்பா.”

தூக்கின கைகளை இறக்கவே இல்லை. பிறகு “ஆச்சா?” என்று கேட்டார். ஆச்சு என்று பிடியை விட்டேன். மறுபடி குழாயடிக்குப் போனார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் என்மேல் படாமல் ஒதுங்கி நடந்து, ஓட்டமும் நடையுமாக மலைப்பக்கம் போனார். என்னைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போகிறார் என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நான் அப்பாவை ஹக் பண்ணினேன், அப்பா மறுபடி குளித்தார் என்று வகுப்பில் ஆங்கிலத்தில் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. நான் வைக்க மறந்த முற்றுப்புள்ளியைச் சிவப்பு மையில் வைத்துவிட்டு ‘குட்’ போட்டுக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு புதுத் தொல்லை ஆரம்பித்தது. குளிக்கப் போகுமுன் அப்பா என்னை எழுப்பிவிடுவார். தலை வாரிவிடுகிறேன் என்பார். ஒன்பது மணிப் பள்ளிக்கு நாலு மணிக்கு எதற்குச் சடை? அண்டா அண்டாவாகப் பொங்கல் கிண்டுகிற கைக்குச் சடை போடத் தெரியவும் தெரியாது. இன்னொரு நாள் நகம் வெட்டுவார், வெட்டின நகத்தையே மறுநாளும் தேடுவார். சாக்கு ஒன்றும் கிடைக்காத நாளில் என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நான் தூங்கி வழிவேன், சிணுங்குவேன், கையைத் தட்டிவிடுவேன். ஒரு நாளில் அவர் என்னைத் தொட முடிந்தது அந்த அரைமணி நேரம்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அவரும் சொல்லவில்லை, வாய்விட்டுச் சொல்கிற மனிதரும் இல்லை.

தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மா வந்து இறங்கிய அன்றைக்கே புகார் செய்தேன். “அப்பா என்னைத் தூங்கவே விடமாட்டேங்கறார்மா.”

அம்மா சிரித்தாள். “பாவம், குழந்தை தூங்கட்டுமே” என்றாள்.

அப்பா சரி என்றார்.

மறுநாள் நான் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது, அப்பா மலைக்குப் போயிருந்தார். அதற்குப் பிறகு அவர் என்னை எழுப்பவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நெசவுக்கார அக்காவிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன்.