செருப்பை வெளியே விடவும்

குடும்ப மருத்துவம் படித்தவள் என்று சொன்னால், எங்கள் பக்கத்தில் உடனே வரும் கேள்வி, அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்பதுதான். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் இந்த மேற்படிப்பையும் முடித்தவளிடம் இப்படிக் கேட்டால் எரிச்சல் வராதா? எனக்கு வரும். இன்னமும் வருகிறது.

தாம்பரத்தைச் சுற்றி ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை. வேலை தேடி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். இதயத்துக்கு ஆள் வேண்டும், சிறுநீரகத்துக்கு ஆள் வேண்டும், முழங்காலுக்குக்கூடத் தனியாக ஒருவர் வேண்டும். முழு மனிதருக்கு ஆள் தேவை என்று யாரும் சொல்லவில்லை. எனக்குக் கிடைக்கக்கூடியதெல்லாம் டியூட்டி டாக்டர் வேலை, அதாவது பெரிய டாக்டர் வரும்வரை வார்டைப் பார்த்துக்கொள்வது. ஒரு நிர்வாகி மட்டும் மனம்விட்டுப் பேசினார்.

"மேடம், நீங்களே பாத்து சரி பண்ணி அனுப்பிட்டா, மத்த டிபார்ட்மென்ட்டுக்கு யார் போவாங்க?"

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என்னிடம் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ரோஷத்தில் சிட்லபாக்கத்தில் ஒரு மருந்துக் கடையை ஒட்டிய அறையை வாடகைக்குப் பிடித்து கிளினிக் திறந்தேன். தரையில் வெள்ளை டைல்ஸ். மழைக்காலச் சேற்றுக்குப் பயந்து, 'செருப்பை வெளியே விடவும்' என்று எழுதி வாசலில் ஒட்டினேன். பெரிய மருத்துவக் காரணம் எதுவும் இல்லை, தரையைத் துடைப்பவள் நான்தான். வீட்டுக்குள் வருவதுபோல எல்லோரும் கழற்றிவிட்டு வந்தார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து, முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

கூட்டம்தான் வரவில்லை. ஏரிக்கரையில் வாக்கிங் போகும் ஓய்வுபெற்ற சார்கள் தங்கள் ரிப்போர்ட்டை போனில் காட்டி, எந்த ஸ்பெஷலிஸ்டிடம் போகலாம் என்று நடந்தபடியே என்னிடம் கேட்டுக்கொள்வார்கள். கிளினிக் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். காய்ச்சல் என்று வந்தவர்களோ, ஊசி போடாத டாக்டருக்குக் கைராசி இல்லை என்று முடிவுகட்டிப் போய்விட்டார்கள்.

விடாமல் வந்தவர் தெருமுனையில் மீன் விற்கும் அக்கா. கடற்கரைக் குப்பத்திலிருந்து காலையில் மீனோடு வருவார். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருந்தது, முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. போதாததற்கு, ஐஸ் தண்ணீரில் பகலெல்லாம் ஊறும் கால். மாதாமாதம் நான் குனிந்து பாதத்தைப் பிடித்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். டாக்டர் தன் காலைத் தொட்டால் தனக்குத்தான் பாவம் என்பார். நான் விடமாட்டேன். ஒருமுறை சுண்டுவிரலுக்கு அடியில் ஆரம்பித்த புண்ணை, அவருக்கே தெரியும் முன் கண்டுபிடித்து ஆற்றினேன். இதற்குத்தானே படித்தோம் என்று அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தை வைத்து கிளினிக் நடத்த முடியவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் படப்பை வழியாக அழைத்துப் போகிறது. அங்கே எல்லோர் காலிலும் பூட்ஸ். கிளினிக்கை மூடும் முன், அக்காவைச் சர்க்கரை நோய் ஸ்பெஷலிஸ்ட் ஒருவரிடம் அனுப்பிவைத்தேன். கெட்டிக்கார டாக்டர்தான். அக்காவும் தவறாமல் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். பாதத்தில் கட்டு. அது முடிய வேண்டிய இடத்துக்கு முன்பே முடிந்திருந்தது. விரல்களை எடுத்துவிட்டார்களாம்.

மாதாமாதம் ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை மாற்றினார்கள், சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது என்று பாராட்டினார்கள் என்றார். யாரும் காலைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"அங்க யாரும் செருப்ப கயட்ட சொல்லலியே டாக்டரம்மா. நானும் போட்டுகினே குந்தியிருந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். அந்த டாக்டரையும் திட்ட மனம் வரவில்லை. அவரிடம் வந்தது சர்க்கரை, அதை அவர் குறைத்துவிட்டார். அந்தச் சர்க்கரையோடு ஒரு காலும் ஒரு ஆளும் வந்திருந்ததைப் பார்ப்பது என் வேலை. அந்த வேலைதான் எங்கள் ஊரில் எங்குமே காலியாக இல்லை.

பையைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டிலேயே குனிந்து அவர் பாதத்தைப் பிடித்தேன். இந்த முறை அக்கா காலை இழுத்துக்கொள்ளவில்லை.