செங்காங்கின் நிறம்

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் துணிகளுக்கு இலைச்சாயம் போடும் பெண்மணி அவர். நாற்பது வயதிருக்கும். நகக்கண்களில் கறை ஏறியிருந்தது. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் சட்டைக் கையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். யார் வந்தாலும் அப்படித்தானாம்.

சிங்கப்பூரின் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு துணி செய்துகொண்டிருந்தார். அந்தந்தப் பேட்டையில் உதிர்ந்த இலைகளை மட்டும் பொறுக்கிக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் துணியை முக்குவார். நான் வளர்ந்த தஞ்சோங் பகார் அடர்பழுப்பில் தொங்கியது. நான் அப்போதுதான் செங்காங்கில் புதுவீட்டுக்குக் குடிபோயிருந்தேன். அந்த வீட்டுச் சுவரில் மாட்டச் செங்காங் துணி கேட்டேன்.

அடுத்த மாதம் தந்தார். தேத்தண்ணி டம்ளர் கழுவிய தண்ணியின் நிறம்.

“சாயமே பிடிக்கலையே?”

“உங்க பக்கம் மரமெல்லாம் இப்பத்தான் நட்டது லா. இலை கொஞ்சந்தான் கிடைச்சுச்சு.”

“தஞ்சோங் பகார் இலைய சேர்த்திருக்கலாமே?”

“சேர்க்கலாம். ஆனா அது செங்காங் இல்லையே. மரம் வளரட்டும், இலையோட கொண்டாங்க. இதே துணிய மறுபடி முக்கித் தரேன்.”

வியாபாரம் தெரியாதவர் என்று எரிச்சலோடு வந்தேன். துணி சுவருக்குப் போகவில்லை, அலமாரிக்குப் போனது.

சில வருடங்கள் ஓடிவிட்டன. இன்று காலை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே துப்புரவு ஊழியர் சிவந்த வாதாம் இலைகளைப் பெரிய குவியலாகக் கூட்டியிருந்தார்.

“அண்ணே, அள்ளாதீங்க. பை எடுத்துட்டு வந்துடுறேன்.”

சாயம் போடும் அந்தப் பெண்மணிக்கு என் முகம் நினைவிருக்காது. துணியைத் தொட்டால் தெரிந்துவிடும்.